சொல் விளக்கம்: கரித்தடம்

கட்டுமானத் தளங்களுக்கான பயிற்சிக் கையேடுகளைத் தமிழில் எழுதித் தருவது என் வேலை. சில மாதங்களுக்கு முன் கோவைப் பக்கம் ஒரு தளத்தில், நான் எழுதிய பக்கத்தை மேஸ்திரியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ‘நமது நிறுவனத்தின் கார்பன் ஃபுட்பிரிண்டைக் குறைப்போம்’ என்பது முதல் வரி. இரண்டு தடவை படித்துவிட்டு, “சார், கார்பன்னா அந்த பில் புக்குல நடுவுல வைக்கிற தாளுங்களா?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. நீலக் கார்பன் தாள்தான் அவர் கையில் பட்ட ஒரே கார்பன். தளத்தில் சிமென்டையும் கம்பியையும் அன்றாடம் கையாளுகிறவருக்குப் புரியாத சொல்லை வைத்துக்கொண்டு எதைக் குறைக்க முடியும்? அன்றிலிருந்து இந்தச் சொல்லைத் துருவிக்கொண்டிருக்கிறேன். நாம் செய்கிற வேலையாலும் வாங்குகிற பொருளாலும் காற்றில் சேரும் கார்பன் டை ஆக்சைடு போன்ற வாயுக்களின் கணக்கைத்தான் கார்பன் ஃபுட்பிரிண்ட் என்கிறார்கள்.

முதலில் ‘கார்பன்’. 1780களில் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியேவும் அவருடைய கூட்டாளிகளும் தனிமங்களுக்குப் புதுப்பெயர் சூட்டியபோது, லத்தீனில் அடுப்புக்கரியைக் குறிக்கும் ‘கார்போ’ என்ற சொல்லிலிருந்து இதை ஆக்கினார்கள். ஆக, கார்பன் என்பதன் நேர்ப்பொருளே கரிதான். ஒலி ஒற்றுமையைப் பார்த்து ‘கார்போ’ நம் ‘கரி’யிலிருந்து போனது என்று சிலர் சொல்வதுண்டு, அதில் எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டும் தனித்தனியே பிறந்து ஒரே பொருளைச் சுட்டுகின்றன, அவ்வளவுதான். அந்தப் பொருளை வைத்தே நம் முன்னோடிகள் கரிமம், கரியமில வாயு என்றெல்லாம் சொல் ஆக்கினார்கள். கரியமில வாயு என்பது கரி, அமிலம், வாயு மூன்றும் சேர்ந்தது. கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்தால் மெல்லிய அமிலமாகும். சோடாவின் சுருக்கென்ற ருசி அதுதான். இலங்கைப் பாடநூல்களில் கார்பனும் கார்பன் டை ஆக்சைடும் காபன், காபனீரொட்சைட்டு என்று வரும்.

அடுத்தது ‘ஃபுட்பிரிண்ட்’. இது காலடித் தடம். சூழலியலுக்குள் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் கனடாவின் வில்லியம் ரீஸ். 1992இல் ‘சூழலியல் தடம்’ என்ற கருத்தை முன்வைத்தார். அவருடைய மாணவர் மத்திஸ் வாக்கர்நாகல் அதைக் கணக்கிடும் முறையை வளர்த்தெடுத்தார். ஒரு ஊர் அல்லது நாடு வாழ்வதற்கு எத்தனை ஹெக்டேர் நிலமும் நீரும் தேவைப்படுகிறது என்பதே அவர்களுடைய கேள்வி. அங்கே தடம் என்றால் உண்மையிலேயே பரப்பளவு. பிறகு அதிலிருந்து கார்பன் பகுதி மட்டும் தனிச் சொல்லாகப் பிரிந்தது. 2000களின் நடுவில் பிபி எண்ணெய் நிறுவனம் ‘உங்கள் கார்பன் தடம் எவ்வளவு?’ என்ற தொனியில் விளம்பரம் செய்து, இணையத்தில் ஒரு கணிப்பானையும் வைத்த பிறகுதான் அது வீடுவீடாகப் பரவியது. எண்ணெய் எடுத்து விற்கிறவர்கள் தடத்தின் கணக்கை வாங்குகிறவரின் காலடியில் வைத்தார்கள் என்ற விமர்சனம் உண்டு. அந்த விமர்சனம் சரி என்றே நினைக்கிறேன்.

இந்தப் பயணத்தில் அளவை மாறிவிட்டது. கார்பன் தடம் ஹெக்டேரில் அளக்கப்படுவதில்லை. எடையில், அதாவது டன் கணக்கில் சொல்லப்படுகிறது. மீத்தேன் போன்ற மற்ற வாயுக்களையும் கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடாக மாற்றிக் கூட்டுவார்கள். கட்டுமானக்காரர்களுக்கு இங்கே ஒரு தனிக் குழப்பம் உண்டு. ஒரு கட்டடம் மனையில் அடைக்கும் இடத்தையும் அவர்கள் ‘ஃபுட்பிரிண்ட்’ என்றே சொல்வார்கள். ‘ஃபுட்பிரிண்டைக் குறைக்கணும்’ என்றதும் ஒரு இளம் பொறியாளர் வரைபடத்தில் சுவரை உள்ளே தள்ளலாமா என்று பார்த்ததை நானே கண்டிருக்கிறேன்.

தமிழில் ‘தடம்’ நல்ல தேர்வு. கொங்குப் பக்கம் காட்டுக்குப் போகும் வழியே தடம்தான். ரயில் தடம் புரளும். குற்றம் நடந்த இடத்தில் கிடைப்பது தடயம். ஆனால் ஒரு சிக்கல். ‘30 ஆண்டுகளாகத் தடம் பதித்த நிறுவனம்’ என்று கட்டுமான விளம்பரங்களில் பெருமையாகப் போடுகிறார்கள். நம் மொழியில் தடம் பதிப்பது புகழ். அதைக் குறைக்கச் சொன்னால் கேட்பவருக்கு முதலில் இடறும். ‘கால்தடம்’, ‘அடிச்சுவடு’ என்று மாற்றினாலும் இந்த இடறல் போகாது. முன்னால் என்ன சொல் வருகிறது என்பதுதான் அதைச் சரிசெய்ய வேண்டும்.

வழக்கில் கார்பன் தடம், கரிமத் தடம், கரித்தடம் என மூன்று இருக்கின்றன. ‘கரிமத் தடம்’ இலக்கணப்படி சரி, செய்தித்தாள்களிலும் வருகிறது. ஆனால் ‘கரிம’ என்பதைக் ‘கரிம உரம்’, ‘கரிம வேளாண்மை’ என்று நல்ல விஷயங்களோடு சேர்த்தே மக்கள் கேட்டிருக்கிறார்கள். நான் ‘கரித்தடம்’ பக்கம் சாய்கிறேன். காரணம், ‘கரி’க்குத் தமிழில் இன்னொரு பொருள் உண்டு: சாட்சி. ‘இந்திரனே சாலுங் கரி’ என்று குறள் சொல்வது இந்தப் பொருளில்தான். விட்டுச்சென்ற தடமே செய்ததற்குச் சாட்சியாக நிற்கிறது என்ற பொருளும் சேர்ந்து வருவது எனக்குப் பிடித்திருக்கிறது. ‘கரித்தடம்’ என்று மாற்றி எழுதிக் கொடுத்ததும் அந்த மேஸ்திரி, “ஓ, புகைங்களா!” என்றார்.

பாதிதான் சரி. இந்தச் சொல்லின் குறையும் அங்கேதான் இருக்கிறது. கரி என்றதும் நாம் கறுப்பை, புகையைத் தேடுகிறோம். கார்பன் டை ஆக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தளத்தில் ஜெனரேட்டர் கக்கும் கரும்புகை கண்ணில் படுகிறது. மூட்டைமூட்டையாக அடுக்கியிருக்கும் சிமென்ட் சாதுவாக இருக்கிறது. கணக்குப் போட்டால் நிலைமை தலைகீழ்.

சிமென்டுக்கு மூலம் சுண்ணாம்புக்கல். தமிழ்நாட்டில் அரியலூர் வட்டாரத்துக் கல் டைனோசர் காலத்துக் கடலில் படிந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த உயிர்களின் புதைபடிவங்களை அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் உள்ள அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். கடல் உயிர்கள் தங்கள் ஓடுகளில் பூட்டிவைத்த கரி அந்தக் கல்லுக்குள் இருக்கிறது. சிமென்ட் சூளையில் சுமார் 1,450 டிகிரி வரை சூடேற்றும்போது அந்தப் பூட்டு திறந்துவிடும். சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோ போட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் போய்விடும். இது விறகோ நிலக்கரியோ எரிந்து வந்த புகை இல்லை, கல்லே விட்ட மூச்சு. சூளைக்கு எரித்த எரிபொருளின் பங்கு இதற்கு மேல் தனி. உலகின் மொத்தக் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வில் 7 முதல் 8 சதவீதம் சிமென்டால் வருவது இதனால்தான்.

இப்போது 1,000 சதுர அடி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நம் ஊர் மேஸ்திரிகளின் வாய்க்கணக்கில் சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமென்ட், 4 கிலோ கம்பி. அதாவது 400 மூட்டையும் 4 டன் கம்பியும். சாம்பல் எதுவும் கலக்காத சாதாரண ஓபிசி வகை சிமென்ட் ஒரு மூட்டைக்கு, அதாவது 50 கிலோவுக்கு, 40 கிலோவுக்குச் சற்று மேல் கரித்தடம் உண்டு. சாம்பல் கலந்த பிபிசி என்றால் அது சுமார் 30 கிலோ. எல்லாம் ஓபிசி என்றால் சிமென்ட் மட்டுமே 16 டன்னைத் தாண்டும். கம்பி இரும்புத்தாதுவிலிருந்து உருக்கியது என்றால் டன்னுக்கு 2 டன்னுக்கு மேல் சேரும். டீசல் ஒரு லிட்டர் எரிந்தால் 2.7 கிலோ. லிட்டர் ஒரு கிலோகூட எடை இல்லாதபோது 2.7 எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். எரியும்போது காற்றிலிருந்து ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்கிறது, அதுதான். சரி, அந்த 400 மூட்டையையும் ஓபிசியிலிருந்து பிபிசிக்கு மாற்றினால் 4 டன்னுக்கு மேல் குறையும். ஏறக்குறைய 1,500 லிட்டர் டீசலை எரிக்காமல் விட்டதற்கு அது சமம். ஒரு சின்ன வீட்டு வேலையில் அவ்வளவு டீசல் செலவாகவே ஆகாது.

அதனால் ஒரு கட்டுமான நிறுவனத்தின் கரித்தடம் பெரும்பாலும் அதன் காலடியில் இல்லை. அரியலூர்ச் சூளையிலும் இரும்பு உருக்காலையிலும் இருக்கிறது. அதைத் தீர்மானிப்பது தளத்தில் கலவை போடுகிறவர் இல்லை. வரைபடம் போடுகிறவரும் கொள்முதல் ஆர்டரில் கையெழுத்திடுகிறவரும்தான். ‘ஜெனரேட்டரை அணை, விளக்கை அணை’ என்று தொழிலாளிக்குப் பலகை வைப்பதோடு நிறுத்திக்கொள்ளும் நிறுவனங்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

குறைக்கும் வழிகள் இந்தக் கணக்கிலிருந்தே வருகின்றன. அனல்மின் நிலையச் சாம்பலோ உருக்காலைக் கசடோ கலந்த சிமென்டை வாங்கலாம். ஆனால் அது மெதுவாக வலுப்பெறும். ஓபிசிக்கு குறைந்தது 7 நாள் நீராற்ற, அதாவது ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும் என்றால், இதற்கு 10 நாள் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சொல்கிறது. சென்ட்ரிங் பிரிக்க அவசரப்பட்டு இந்த நாட்களைத் திருடினால் சிமென்டின் மேல் பழி விழும், அடுத்த தளத்தில் மறுபடி ஓபிசி வரும். சுட்ட களிமண்ணும் அரைத்த சுண்ணாம்புக்கல்லும் சேர்த்து, சூளையில் சுட்டெடுக்கும் கிளிங்கர் என்ற சிமென்ட் கட்டியைப் பாதியாகக் குறைக்கும் எல்சி3 சிமென்டும் இருக்கிறது. அதன் ஆய்வில் சென்னை ஐஐடிக்கும் பங்கு உண்டு, 2023இல் இந்தியத் தர நிர்ணயமும் கிடைத்துவிட்டது.

அப்புறம், ‘தைரியத்துக்கு’ ஒரு மூட்டை கூடப் போடும் பழக்கம். கலவை வடிவமைப்பு எம்25 வலுத்தரக் கான்கிரீட்டுக்கு எவ்வளவு கேட்கிறதோ அதைப் போட்டு, கியூப் எனும் சோதனைக் கட்டியை வார்த்து உடைத்துப் பார்த்து நம்ப வேண்டும். கேரளத்தில் சிக்கன வீடுகள் கட்டிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையில் செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவில் குழி விட்டுக் கட்டுவார்கள். செங்கல் ஏறக்குறைய கால்பங்கு மிச்சம், உள்ளே சூடும் குறைவு. பழைய இரும்பை மின் உலையில் உருக்கிய கம்பி, தளம் தொடங்கும்போதே வாங்கிவிடும் மின் இணைப்பு, பக்கத்துக் குவாரி ஜல்லி எல்லாம் உதவும். மரம் நடுவது நல்ல காரியம்தான், ஆனால் இந்தக் கணக்கில் அது கடைசி வரியில் வர வேண்டியது.

கூடவே வரும் இரண்டு சொற்களையும் சொல்லிவிடுகிறேன். உமிழ்வுக் கணக்கில் ‘ஸ்கோப்’ 1, 2, 3 என்று பிரிப்பார்கள். சில கையேடுகளில் இதை ‘நோக்கம் 1’ என்று போட்டிருக்கிறார்கள், அது பிழை. இங்கே பொருள் எல்லை. நம் டீசல் ‘நேரடி உமிழ்வு’, வாங்கிய கரண்ட் ‘மின்வழி உமிழ்வு’, சிமென்டும் கம்பியும் ‘பிறர்வழி உமிழ்வு’ என்று எழுதினால் தளத்தில் புரிகிறது. ‘எம்பாடிட் கார்பன்’ என்பதற்குப் ‘பொதிகரி’ என்று எழுதுகிறேன்: கட்டடத்துக்குள் குடிவரும் முன்பே அதன் பொருட்களில் பொதிந்துவிட்ட கரி.

எழுதும்போது ஒற்றெழுத்தைக் கவனியுங்கள். கரித்தடம், கரிமத் தடம் இரண்டிலும் ‘த்’ வரும். கார்பன் தடத்தில் வராது.