பிரேக் பேடுக்குத் தமிழ் என்ன?

காரைக்குடியில் எந்த மெக்கானிக் ஷெட்டுக்குப் போனாலும் 'பேட் தேஞ்சு போச்சுண்ணே' என்பார்கள். ஆனால் சைக்கிள் கடையில் அதே வேலையைச் செய்கிற ரப்பர் துண்டுக்குப் பெயர் 'பிரேக் கட்டை'. பிரேக் பேடுக்குத் தமிழ் தேடுகிறவர்கள் அகராதியைப் புரட்டும் முன் அந்தக் கடையை எட்டிப் பார்த்திருக்கலாம்.

'பேட்' என்பது ஆங்கிலத்தில் முதலில் படுக்கப் போடும் வைக்கோல் பொதியைக் குறித்தது. அப்புறம் மெத்தென்ற பலவற்றுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இதைப் பார்த்துத் 'திண்டு' என்று பெயர்த்தால், செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் சாய்ந்துகொள்ளும் திண்டுதான் நினைவுக்கு வரும். பிரேக் பேடில் மெத்தென்று எதுவும் கிடையாது. எஃகுத் தகட்டில் ஒட்டிய, கெட்டியான உராய்வுப் பொருள் அது. மிதித்ததும் பிரேக் ஆயிலின் அழுத்தம், பேடுகளைத் தாங்கும் கவ்வியான காலிப்பரின் பிஸ்டனைத் தள்ள, இரு பக்கப் பேடுகளும் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற வட்டத் தகட்டைக் கவ்விப் பிடிக்கின்றன.

பழைய வண்டிகளில் இருந்தது நிஜமான மரக்கட்டை. 1888இல் ஜெர்மனியில், கார் உருவாக்கிய கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கணவரின் காரை ஓட்டிப் போன வழியில், ஒரு செருப்புத் தைப்பவரிடம் சொல்லி பிரேக் கட்டையில் தோல் அடிக்க வைத்தார்.

பிரேக்கை 'நிறுத்தி' என்றும் 'தடுப்பி' என்றும் எழுதுகிறார்கள். 'நிறுத்தி' எனக்கு ஒப்பவில்லை. பாதி நேரம் வேகத்தைக் குறைக்கத்தானே மிதிக்கிறோம்? 'தடை' போதும். ஆக, தடைக்கட்டை. தேய்ந்து குட்டையானதையும் கட்டை என்கிறோம், கட்டைப் பென்சில் மாதிரி; இதற்கு அதுவும் பொருந்துகிறது.

சரி, எவ்வளவு தேய்ந்தால் மாற்றுவது? புதிய கார் பேடில் உராய்வுப் பொருள் சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். சக்கர இடுக்கில் டார்ச் அடித்தால் வெளிப்பேட் தெரியும். உள்பேட் அதைவிட அதிகம் தேய்ந்திருக்கலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். பல பேடுகளில், தேய்ந்ததும் டிஸ்கில் உரசிக் 'கீச்' என்று கத்த ஒரு தகட்டு நாக்கு வைத்திருப்பார்கள். நம் பக்கத்துச் செம்மண் புழுதி ஏறினாலும் கீச்சிடும் என்பதால் காதை மட்டும் நம்ப வேண்டாம். 'கரகர' என்று இரும்போடு இரும்பு அரைத்தால் டிஸ்குக்கும் சேர்த்துச் செலவு.

மாற்றும்போது இடது, வலது இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கலாம். புதுப் பேட் நுழைய பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பார்கள். அதனால் வண்டியை நகர்த்தும் முன் பெடல் இறுகும்வரை நாலைந்து தடவை மிதித்துவிடுங்கள். மறந்தால் முதல் மிதி தரைவரை போகும்.