பசித்த வௌவாலும் அதன் தோழிகளும்

ரத்தம் குடிக்கும் வௌவால் என்றாலே முகம் சுளிக்கிறோம். ஆனால் நட்பு எப்படி வளர்கிறது என்று கற்க அதைவிட நல்ல உயிரினம் எனக்குத் தெரிந்து இல்லை.

மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் மரப்பொந்துகளிலும் குகைகளிலும் இவை கூட்டமாக வாழ்கின்றன. இரவில் மாடு, குதிரைகளைத் தேடிப் போகும். எல்லா இரவும் இரை கிடைக்காது, வேட்டை பழகாத இளசுகள் அடிக்கடி வெறும் வயிற்றோடு திரும்பும். தொடர்ந்து மூன்று நாள் பட்டினி கிடந்தால் உயிர் போய்விடும். அப்போது வயிறு நிறைந்த இன்னொரு வௌவால் தான் குடித்த ரத்தத்தைக் கக்கி ஊட்டிவிடுகிறது. கோஸ்டா ரிக்காவில் இதை ஆராய்ந்த ஜெரால்டு வில்கின்சன் 1984இல் உலகுக்குச் சொன்னார்.

கொடுப்பதற்கு எப்படி மனசு வருகிறது? உடம்பின் கணக்கு அப்படி. வயிறு நிறைந்திருக்கும்போது எடை வேகமாகக் குறையும். பட்டினி முற்றியபின் மெதுவாகத்தான் குறையும். அதனால் கொடுப்பவளுக்குச் சில மணி நேர இழப்பாக இருக்கும் அதே ரத்தம், பசித்தவளுக்குப் பல மணி நேர ஆயுள்.

சரி, சொந்தத்துக்கு மட்டும்தானா? இல்லை. யார் யாருக்கு ஊட்டும் என்பதை ரத்த உறவைவிட, முன்பு தனக்கு ஊட்டியது யார் என்பதே அதிகம் தீர்மானிக்கிறது. வில்கின்சனும் ஜெரால்டு கார்ட்டரும் 2013இல் இதைக் காட்டினார்கள்.

என்னை மிகவும் கவர்ந்தது 2020இல் வெளிவந்த ஆய்வு. பனாமாவில் தொலைவான இரண்டு இடங்களில் பிடித்த, ஒன்றையொன்று அறியாத வௌவால்களைச் சேர்த்து வைத்தார்கள். எடுத்தவுடன் யாரும் ரத்தம் கொடுத்துவிடவில்லை. முதலில் ஒன்றின் உடம்பை இன்னொன்று நக்கிச் சுத்தம் செய்தது. அதில் பெரிய செலவில்லை. அது இரு பக்கமும் நடந்து பழகிய ஜோடிகளில்தான் அப்புறம் ரத்தம் கைமாறியது. ஆழம் பார்த்துக் காலை விடுவது போல, சின்னதைக் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பெரியதைக் கொடுக்கின்றன.

மனிதருக்கும் இந்த நிதானம் தேவைப்படுகிறது. ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளரின் 2018 கணிப்புப்படி, நெருங்கிய நட்பு உருவாக 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்திருக்க வேண்டும். வேலையிடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம் இதற்கு அதிகம் உதவுவதில்லை. சும்மா சேர்ந்து சுற்றுவதும் பேசிச் சிரிப்பதும்தான் உதவுகின்றன.

கூண்டுக்குள் வேறு வழியில்லாமல் ஒட்டிக்கொண்டவை என்று வௌவால்களை ஒதுக்கிவிட முடியாது. ஏறத்தாழ இரண்டு ஆண்டு அடைபட்டிருந்தவற்றின் முதுகில் சிறு உணர்கருவிகளைப் பொருத்திக் காட்டில் விட்டார்கள். யாரோடு வேண்டுமானாலும் சேரலாம் என்ற நிலையிலும், உள்ளே ஊட்டிப் பழகிய பல ஜோடிகள் வெளியிலும் ஒன்றையொன்று நாடின.