நாற்காலியின் பூட்டைத் திறந்துவிடுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்ட அலுவலகம் ஒன்றில், செம்பனைக் குலைகளின் எடையையும் சம்பளப் பட்டியலையும் நாள் முழுக்கக் கணினியில் ஏற்றும் கிராணிகளுக்குப் புதிய சுழல் நாற்காலிகள் வந்தன. முதுகுவலி மட்டும் போகவில்லை. இருக்கைக்கு அடியில் உள்ள நெம்புகோல்களை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. நல்ல பொருள் இப்படி வீணாவது எனக்குப் பெரிய வருத்தம்.

நிற்கும்போது கீழ்முதுகில் உட்குழிவாக ஒரு வளைவு இருக்கும். உட்கார்ந்ததும் தொடையின் பின்தசைகள் இடுப்பெலும்பைப் பின்னோக்கி இழுப்பதால் அந்த வளைவு தட்டையாகிறது. முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளின் முன்பக்கம் நசுங்குகிறது. சுவீடன் எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களில் வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். சாய்மானமின்றி உட்கார்ந்தால் நிற்பதைவிட அழுத்தம் கூடுகிறது என்றார். 1999இல் ஜெர்மனியில் வில்கே என்ற ஆய்வாளரின் குழுவினர் ஒருவரிடம் அளந்தபோது அந்த வேறுபாடு தெரியவில்லை. பின்னால் சாய்ந்தால் அழுத்தம் குறைகிறது என்பதில் மட்டும் இரு தரப்பு அளவீடுகளும் ஒத்துப்போகின்றன.

ஆகவே சாய்மானத்தை நிமிர்த்திப் பூட்டிவைப்பதுதான் பெரிய தவறு. வளர்ந்தவர்களின் வட்டுக்குள் இரத்தக் குழாய்கள் அநேகமாக இல்லை. ஈரப் பஞ்சைப்போல, அழுந்தும்போது நீர் வெளியேறி, தளரும்போது உள்ளே வருகிறது. அதற்கு அசைவு தேவை. பூட்டைத் திறந்துவிட்டு, அடியிலுள்ள குமிழைத் திருகி, உங்கள் எடைக்கு ஏற்பச் சாய்மானத்தின் சுருள்வில் இறுக்கத்தை மாற்றுங்கள். மெல்லச் சாய்ந்தால் சாய்மானம் பின்னால் இறங்க வேண்டும். சாய்வதை விட்டால் தானே நிமிர வேண்டும்.

உயரத்துக்கு வருவோம். நெம்புகோலை இழுத்தால் நடுத்தண்டில் ஒரு வால்வு திறக்கும்; உள்ளே அடைத்த நைட்ரஜன் இருக்கையை மேலே தள்ளும். உங்கள் எடை அதைவிடப் பெரிது, அதனால் உட்கார்ந்தபடி இழுத்தால் இறங்கத்தான் செய்யும். உயர்த்த வேண்டுமானால் சற்று எழுந்துகொள்ளுங்கள். பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும் என்பது பொது விதி. ஆனால் அலுவலக மேசைகள் பெரும்பாலும் 73 முதல் 75 செ.மீ. உயரம். குள்ளமான பெண்கள் பாதத்துக்காக இருக்கையை இறக்கினால், தட்டச்சு செய்யத் தோளைத் தூக்க வேண்டிவரும். அவர்கள் முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்வரை இருக்கையை உயர்த்திவிட்டு, காலுக்கு ஒரு மணைப்பலகை போட்டுக்கொள்ளலாம். மறுநடவுக்காகச் சாய்த்த பால்மரத்தின் (ரப்பர் மரத்தின்) பலகையே போதும்; எந்தத் தச்சரும் செய்துதருவார்.

முழங்காலின் பின்பக்கத்துக்கும் இருக்கையின் விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். சாய்மானத்தின் புடைப்பு இடுப்பு வார்ப்பட்டைக்குச் சற்று மேலே பொருந்தட்டும். கைப்பிடி மேசை விளிம்பில் இடித்தால் கீழே இறக்கிவிடுங்கள். இடித்துக்கொண்டே இருந்தால் நாற்காலி மேசைக்கு அருகில் வராது. எட்டி வேலை செய்பவரின் முதுகு சாய்மானத்தைத் தொடாது.