படர்தாமரை ஏன் வட்டமாக வருகிறது?

என் சித்தப்பா மகன் சேலம் சிவதாபுரத்தில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிறான். பற்றவைக்கும்போது தீ அலையக் கூடாது என்று மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். சித்திரை வெயிலில் முதுகில் வழியும் வியர்வை இடுப்பில் வந்து தேங்கும். போன கோடையில் சட்டையைத் தூக்கிக் காட்டினான். அரைஞாண் கயிறு உரசும் இடத்திலேயே மூன்று வட்டங்கள். ஓரம் சிவந்து, மேடாகி, பொடிப்பொடியாய்ச் செதில் விட்டிருந்தது. நடுவில் மட்டும் தோல் கிட்டத்தட்டப் பழைய நிறத்துக்கு வந்திருந்தது.

"களிம்பு போட்டா ரெண்டே நாள்ல அடங்கிடுதுண்ணா. விட்டா முன்னைவிடப் பெருசா வருது" என்றான்.

படர்தாமரை ஒரு பூஞ்சைத் தொற்று. அந்தப் பூஞ்சைக்குச் சாப்பாடு கெரட்டின். தோலின் வெளி அடுக்கு, முடி, நகம் எல்லாவற்றிலும் இருக்கும் புரதம் அது. காய்ந்த தோலில் பூஞ்சையின் வித்து விழுந்தால் பெரும்பாலும் உதிரும் செதிலோடு அதுவும் போய்விடும். வியர்வையில் ஊறிய தோலில் அது முளைத்து நூல் விடும்; நொதியைச் சுரந்து கெரட்டினைக் கரைத்துத் தின்றபடி நாலா பக்கமும் பரவும். வட்டம் அப்படித்தான் உருவாகிறது. ரத்தம் ஓடாத செத்த அடுக்கில்தான் பூஞ்சை குடியிருக்கிறது. ஆனால் கீழே இருக்கும் உயிருள்ள தோல் சும்மா இருக்காது. வீங்கிச் சிவக்கும், அரிக்கும், செதில்களை வேகவேகமாக மேலே தள்ளி உதிர்க்கும். அப்படி நடுப்பகுதி தெளிவதற்குள் பூஞ்சை ஓரத்துக்கு நகர்ந்திருக்கும்.

ஆக, சிவப்பும் அரிப்பும் பெரும்பாலும் நம் உடம்பு காட்டும் எதிர்ப்பு. தம்பி மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பில் பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருந்தது. ஸ்டீராய்டு அடக்குவது அந்த எதிர்ப்பைத்தான். அரிப்பு நிற்கும், காவல் இல்லாத தோலில் பூஞ்சை தாராளமாகப் படரும். வட்ட வடிவமே கலைந்து, பார்த்தவுடன் இன்ன நோய் என்று சொல்ல முடியாமல் போகும். தொடையிடுக்கில் மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து வரிவரியாய்த் தழும்பு விழும். வலுவான ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். படர்தாமரைக்கு வழக்கமாகக் கொடுக்கும் டெர்பினஃபின் மருந்துக்கே எளிதில் மசியாத ஒரு பூஞ்சைக்கு 2020-இல் 'டிரைக்கோபைட்டான் இண்டோடினியே' என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே இந்தியா இருக்கிறது.

தோல் மருத்துவர் செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்தார். ஸ்டீராய்டு இல்லாத களிம்பும் மாத்திரையும் எழுதினார். களிம்பை வெளியிலிருந்து உள்நோக்கி, ஓரத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை பூச வேண்டும். பூஞ்சை அங்கே ஏற்கெனவே போயிருக்கும். தோல் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் விடக் கூடாது. அப்புறம், அரைஞாண் கயிற்றைக் கழற்றச் சொன்னார். சித்திக்கு மனசே வரவில்லை. ஆனால் நாள் முழுக்க ஈரத்தைப் பிடித்துவைத்து, வித்துகளையும் சுமந்துகொண்டு, அதே இடத்தில் உரசும் கயிறு அது.

குளித்தால் மட்டும் போதாது, துவட்டவும் வேண்டும். தொடையிடுக்கு, அக்குள், கால் விரல் இடுக்கு எல்லாம் ஒட்டி ஒட்டித் துடைக்கணும். பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்தால் தோல் கீறி இன்னும் மோசமாகும். வேலை முடிந்ததும் ஈர உடுப்பை மாற்றிவிட வேண்டும். காலில் சேற்றுப்புண் இருந்தால் ஜட்டிக்கு முன்னால் சாக்ஸைப் போடுங்கள். காலிலிருக்கும் பூஞ்சை துணியோடு மேலே ஏறாது.

சேலத்தில் துணி காயவைக்க வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஏற்காட்டில் அத்தை வீட்டில் ஐப்பசி மழை பிடித்தால் துணி மூன்று நாள் ஆனாலும் சில்லென்று இருக்கும். அத்தை அதை அடுப்படிக் கொடியில் போட்டு, பிறகு உள்ளாடையின் மடிப்பிலும் இடுப்புப் பட்டியிலும் இஸ்திரிப் பெட்டியை நின்று நிதானமாக அழுத்துவார். அந்தச் சூடு வித்துகளைக் கொல்லும். துணி தாங்குமென்றால் துவைக்கும் தண்ணீரும் 60 டிகிரி இருப்பது நல்லது.

தம்பிக்குக் குணமாக ஆறு வாரம் ஆனது. மூன்றாவது வாரத்தில்தான் சித்தப்பாவின் தொடையிலும் ஒரு வட்டம் இருப்பது தெரிந்தது. அப்பாவும் மகனும் அத்தனை நாளும் ஒரே துண்டில்தான் துவட்டியிருக்கிறார்கள்.