கிட்டார் உடலைக் கடையும் கணினி

ஸ்டீல் கம்பி போட்ட அகூஸ்டிக் கிட்டாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கின்றன. அதைத் தாங்கும் முன்பலகையின் கனமோ சுமார் 3 மில்லிமீட்டர்தான். அதற்குமேல் தடித்தால் ஒலி அடைத்துப்போகும். மெலிந்தால் பலகை நாளடைவில் வளைந்துவிடும். இவ்வளவு நுணுக்கமான வேலைக்குள்தான் சிஎன்சி, அதாவது கணினி கட்டுப்படுத்தும் வெட்டு இயந்திரம், நுழைந்திருக்கிறது.

இயந்திரத்தின் வேலை எளிமையானது. கணினியில் வரைந்த வடிவத்தை ஒரு மென்பொருள், சுழன்று வெட்டும் கட்டரின் பயணப் பாதையாக மாற்றுகிறது. எந்தப் புள்ளிக்கு, எந்த ஆழத்தில், எந்த வேகத்தில் போக வேண்டும் என்று வரி வரியாக எழுதிய ஜி-கோட் அது. மூன்று மோட்டார்கள் கட்டரை அப்படியே நகர்த்துகின்றன. நிமிடத்துக்கு 18,000 சுற்று சுழலும் இரட்டைப் பல் கட்டர் அதே நிமிடத்தில் 3 மீட்டர் நகர்ந்தால், ஒவ்வொரு பல்லும் 0.08 மில்லிமீட்டர் சீவலை எடுக்கும். அதே சுழற்சியில் கட்டரை இதைவிட மிக மெதுவாக நகர்த்தினால் பல் மரத்தை வெட்டாது, உரசும். சூட்டில் மரம் கருகிவிடும்.

பக்கப் பலகைகளை இயந்திரம் வளைப்பதில்லை. மர நார்களைப் பிணைக்கும் லிக்னின் சூட்டில் இளகும்போதுதான் அவை வளையும். ஆனால் வளைத்த பலகையை இறுக்கிவைக்கும் அச்சை சிஎன்சிதான் அழகாக வெட்டித் தரும். முன்பலகையும் பார்வைக்குத்தான் தட்டை. பெரும்பாலும் அதை 8 மீட்டர் ஆரமுள்ள கோளத்தின் துண்டு போல லேசாகக் குவித்திருப்பார்கள். 400 மில்லிமீட்டர் அகலத்துக்கு நடுவில் வெறும் 2.5 மில்லிமீட்டர் உயரம்! இந்தக் குவிவு வர, பலகையை அதே ஆரமுள்ள குழிவான ஒரு தட்டில் அழுத்தி வைப்பார்கள். அந்தத் தட்டைக் கையால் செதுக்குவது பெரும்பாடு. இயந்திரத்துக்கோ இன்னொரு பாதை, அவ்வளவுதான்.

கழுத்து சேரும் இடத்தில்தான் இந்தத் துல்லியத்தின் அருமை தெரியும். அந்த இணைப்பு சுமார் 90 மில்லிமீட்டர் உயரம். அங்கிருந்து கம்பிகள் பிரிட்ஜை (முன்பலகையில் கம்பிகளைத் தாங்கும் கட்டையை) தொடும் இடம் 290 மில்லிமீட்டர் தள்ளி. இணைப்பின் ஒரு முனையில் 0.1 மில்லிமீட்டர் பிசகினால், பிரிட்ஜ் அருகே அது 0.3 மில்லிமீட்டராகப் பெருகிவிடும். வாசிப்பவரின் விரல் அதை உணர்ந்துவிடும்.

சரி, இயந்திரம் தடுமாறுவது எங்கே? மரத்தின் வரியோட்டத்தில். கிட்டாரின் விளிம்பைச் சுற்றி வரும்போது சில வளைவுகளில் கட்டர் நாருக்கு எதிராகப் பாய்கிறது. மரம் சிராய் சிராயாகப் பெயர்ந்துவரும். அதனால் விளிம்பை ஒரே ஓட்டத்தில் வெட்டாமல், நாரோடு போகும் திசை பார்த்துத் துண்டு துண்டாக வெட்டும்படி பாதையை எழுத வேண்டும். தச்சர் இழைப்புளியைத் திருப்பிப் பிடிப்பாரே, அதே அறிவுதான்.

இன்னொரு சிக்கல் இதைவிட ஆழமானது. பலகையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிக்கு (கனத்தை மூன்று முறை பெருக்கிய அளவுக்கு) ஏற்ப மாறுகிறது. 10 சதவீதம் மெலிந்தால் விறைப்பு 27 சதவீதம் குறைந்துவிடும். முன்பலகைக்குப் பயன்படும் ஊசியிலை மரமான ஸ்ப்ரூஸில், ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகளின் விறைப்புகூட ஒன்றாக இருக்காது. எல்லாவற்றையும் 2.8 மில்லிமீட்டருக்கு இழைத்தால் அளவு ஒன்றாகும், ஒலி ஒன்றாகாது. ஆகவே நல்ல பட்டறைகளில் முதலில் பலகையை எடை போடுகிறார்கள், நடுவில் பாரம் வைத்து எவ்வளவு தாழ்கிறது என்று அளக்கிறார்கள், தட்டிக் கேட்கிறார்கள். அப்புறம்தான் அந்தப் பலகைக்கான கனத்தை இயந்திரத்துக்குச் சொல்கிறார்கள்.