ஓட்டை வழியே தண்ணீர் வெளியே மட்டும் போவதில்லை

குழாய் வேலை பார்க்கிற எனக்கு இந்த ஒரே மாதத்தில் இது நான்காவது வீடு. காலையில் குழாயைத் திறந்ததும் முதலில் வருகிற தண்ணீரில் லேசான வாடை அடிப்பதாகவும், ஐந்து நிமிடம் ஓடவிட்டால் சரியாகிவிடுவதாகவும் சொல்லி அழைத்தார்கள். தெருவின் மெயின் குழாயிலிருந்து வீட்டுக்குள் வருகிற இணைப்புக் குழாயைத் தோண்டிப் பார்த்தபோது, இரண்டு மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஒட்டுகள் இருந்தன. ஒன்றில் ரப்பர் பட்டையை இழுத்துச் சுற்றிக் கம்பியால் முறுக்கியிருந்தார்கள். இன்னொன்றில் எபாக்சி பசையை உருட்டி அப்பியிருந்தார்கள். மூன்றாவதில் இரண்டுமே இருந்தன. நான்காவதாக, எந்த ஒட்டும் இல்லாத இடத்தில், பென்சில் முனை அளவுக்குப் புதிதாக ஒரு துளை. ஒரு முழம் தள்ளி, இணைப்பு விலகிப்போன கழிவுநீர்க் குழாய் கிடந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்த மண் கறுத்துப் பிசுபிசுத்துப் போயிருந்தது.

குழியின் விளிம்பில் நின்ற வீட்டுப் பெரியவர் என்னிடம் கேட்டார்: "தண்ணீர்தானே வெளியே வருகிறது தம்பி, கொஞ்சம் வீணாகிறது, அவ்வளவுதானே? வெளியே பீய்ச்சுகிற தண்ணீரை எதிர்த்துச் சேறு எப்படி உள்ளே போகும்?"

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆண்டே என் தொழிலில் கிடையாது. படித்தவர்களும் கேட்கிறார்கள், கட்டடம் கட்டுகிறவர்களும் கேட்கிறார்கள். குழாயில் அழுத்தம் இருக்கும் வரையில் அவர் சொன்னது சரிதான். உள்ளிருக்கும் நீர் வெளியே தள்ளுவதால் மண்ணில் இருப்பது உள்ளே வர முடியாது. ஆனால் அந்த அழுத்தம் எப்போதும் இருக்கும் என்று யார் உறுதி கொடுத்தார்கள்? மெயின் குழாய் எங்காவது உடைந்தால் அழுத்தம் விழும். மின்சாரம் நின்று நீரேற்று நிலையத்தின் பம்புகள் ஓய்ந்தால் விழும். தீயணைப்புக்காகத் தெருவில் பெரிய வால்வைத் திறந்தாலும் விழும். நாளில் சில மணி நேரம் மட்டும் நீர் விடுகிற ஊர்களிலோ, நீரை நிறுத்துகிற ஒவ்வொரு முறையும் குழாய் காலியாகிறது. அப்படிக் காலியாகும்போது தாழ்வான இடத்தை நோக்கி இறங்குகிற நீர், தனக்குப் பின்னால் ஒரு வெற்றிடத்தை உண்டாக்கிக்கொண்டே போகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்பக் காற்று கிடைத்தால் காற்று வரும். துளையைச் சுற்றிச் சாக்கடை நீர் இருந்தால் அதுதான் வரும். குழாயில் நேரடியாக மோட்டாரைப் பொருத்தி இழுக்கிற வீடுகளில் இதற்காகக் காத்திருக்கவே வேண்டாம், மோட்டாரே உறிஞ்சிக் கொடுத்துவிடும்.

அன்று அதை நான் வாயால் விளக்க வேண்டியிருக்கவில்லை. நாங்கள் குழியில் நின்றுகொண்டிருந்தபோதே, தெருவின் தாழ்ந்த கோடியில் வேறொரு வேலைக்காக மெயின் குழாயை அடைத்து உள்ளிருந்த நீரை வடியவிட்டார்கள். அதுவரை பீய்ச்சிக்கொண்டிருந்த துளை தணிந்து நின்றது. துளைக்கு மேல் நான்கு விரற்கடை அளவுக்குக் கலங்கல் நீர் தேங்கியிருந்தது. சற்று நேரத்தில் அந்த நீரில் ஒரு சிறு சுழி விழுந்தது. மிதந்துகொண்டிருந்த காய்ந்த இலைத் துணுக்கு ஒன்று சுழன்று இறங்கித் துளையின் மேல் போய் ஒட்டிக்கொண்டது. இலையை எடுத்துவிட்டு விரலை வைத்தேன், உள்ளே இழுத்தது. பெரியவரையும் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்குள் திரும்பிப் போய், குடிப்பதற்காகப் பிடித்துவைத்திருந்த தண்ணீரைத் தாமே கொட்டிவிட்டு வந்தார்.

தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்பதையும் தயவுசெய்து சான்றாகக் காட்டாதீர்கள். நோய்க்கிருமிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. குடிநீரில் மிச்சமிருக்கிற சிறிதளவு குளோரின், சுத்தமான குழாய் வழியே வருகிற நீரைக் காப்பதற்குப் போதும். நேரடியாகக் கலக்கிற சாக்கடை நீரை அதனால் தாங்க முடியாது. கசிவு இருப்பது தெரிந்த நாளிலிருந்து, அது சரியாகிக் குழாய் கழுவப்படும் நாள் வரை, நீரை நன்றாகக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

கசிவு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க என்னைப் போன்றவர்கள் வர வேண்டிய தேவையே இல்லை. இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். அதன் சின்னச் சக்கரம் அசைந்தால் எங்கோ நீர் போகிறது. பிறகு வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இருக்கிற வால்வையும் மூடுங்கள். சக்கரம் அப்போதும் சுற்றினால் கசிவு மண்ணுக்குள், மீட்டருக்கும் அந்த வால்வுக்கும் நடுவில் இருக்கிறது. ஒன்றரை மில்லிமீட்டர் துளை ஒன்று, 2 பார் அழுத்தத்தில், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,800 லிட்டர் நீரை மண்ணுக்குக் கொடுக்கும். மழையில்லாத நாளில் ஓரிடம் மட்டும் ஈரமாக இருப்பது, ஒரு பட்டையில் மட்டும் புல் செழிப்பது, தரை ஓடு லேசாக உள்வாங்குவது ஆகியவற்றை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தவர்கள், பிறகு அஸ்திவாரம் இறங்கிவிட்டது என்று அழைக்கும்போது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

ஒட்டுப்போடுவது எப்போதுமே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல குழாயில் கடப்பாரை பட்டு ஓரிடம் உடைந்திருந்தால், அந்தத் துண்டை நேராக வெட்டியெடுத்து, அதே வகைக் குழாயைத் தகுந்த கப்ளிங்கால் (இரண்டு முனைகளைச் சேர்க்கும் இணைப்பான்) இணைத்தால் போதும். ஆனால் பழைய ஜி.ஐ. குழாயில் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) துரு உள்ளிருந்து தின்றுகொண்டு வருகிறது. வெளியே தெரிகிற முதல் துளை, அந்தக் குழாயின் மிக மெலிந்த இடம், அவ்வளவுதான். அதை அடைத்தால் அடுத்த மெலிந்த இடம் திறக்கும். அதற்குள் துருக் கட்டிகள் உட்புறத்தை அடைத்துவிட்டிருக்கும். 20 மில்லிமீட்டர் விட்டம் 10 மில்லிமீட்டராகக் குறுகினால் நீரோட்டம் பாதியாகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதே அழுத்தத்தில் அது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகிவிடும். மாடிக்கு நீர் ஏறவில்லை என்று மோட்டாரை மாற்றுகிறவர்கள் முதலில் இந்தக் குழாயைப் பார்க்க வேண்டும். ஒரே குழாயில் இரண்டாவது கசிவு வந்துவிட்டால் முழுவதையும் மாற்றிவிடுங்கள்.

குழாய் எந்த உலோகம் என்று தெரியாவிட்டால் ஒரு காந்தமும் ஒரு சிறு கத்தியும் போதும். காந்தம் ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல், மெல்லச் சுரண்டியதும் செம்பழுப்பு தெரிந்தால் செம்பு. மங்கிய சாம்பல் நிறக் குழாய் எளிதாகச் சுரண்டுப்பட்டு வெள்ளிபோல் பளபளத்தால் அது ஈயம். ஈயமாக இருந்தால் பேச்சுக்கே இடமில்லை, முழுக் குழாயும் மாற வேண்டும். கொதிக்கவைப்பதால் ஈயம் போகாது. பாதியை மட்டும் மாற்றினால், வெட்டும்போது ஏற்படும் அதிர்வில் உட்புறப் படிவு உதிர்ந்து சில காலம் நீரில் ஈயம் கூடவே செய்யும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கிற வீட்டில் இதைத் தள்ளிப்போடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

உலோகக் குழாயில் ரம்பத்தை வைப்பதற்கு முன் ஒன்று. பழைய வீடுகள் பலவற்றில் அந்தக் குழாயையே மின்சாரத்துக்கு எர்த்தாகவும் பயன்படுத்தியிருப்பார்கள். அதை வெட்டுகிறவரின் இரண்டு கைகளும் இரண்டு முனைகளைப் பிடித்திருக்கும்போது மின்னோட்டம் அவர் உடல் வழியே போகலாம். பிளாஸ்டிக் குழாயாக மாற்றிய பிறகோ, வீட்டுக்கு எர்த்தே இல்லாமல் போய்விடும். முதலில் எலக்ட்ரீஷியனை அழைத்துத் தனி எர்த் போட்ட பிறகுதான் வெட்ட வேண்டும். இதை நான் சொல்லும்போது நேரத்தைக் கடத்துகிறேன் என்று நினைக்கிறவர்களிடம் வேலையை ஏற்பதை நிறுத்திவிட்டேன்.

குழியைப் பற்றியும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. மார்பளவு மண் சரிந்தாலே மனிதனால் மூச்சை இழுக்க முடியாது. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான குழியில் பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்காமல் யாரையும் இறக்காதீர்கள். கசிவால் ஊறிய மண்ணில் அதற்குக் குறைந்த ஆழத்திலும் இறக்காதீர்கள். தோண்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலிருந்து அறுபது சென்டிமீட்டராவது தள்ளிக் கொட்டுங்கள். மின் கேபிளும் எரிவாயுக் குழாயும் எங்கே போகின்றன என்று உரிய துறைகளிடம் கேட்காமல் முதல் மண்வெட்டியைப் போடாதீர்கள். முற்றத்தையோ மரத்தையோ கெடுக்கக் கூடாது என்றால் இரண்டு முனைகளில் மட்டும் குழி எடுத்து, பழைய குழாயை உடைத்துக்கொண்டே புதியதை இழுத்துவிடுகிற முறையும் இருக்கிறது. பக்கத்தில் வேறு குழாய்கள் நெருக்கமாக இருந்தால் அது சரிவராது.

புதிய குழாய்க்கு எச்.டி.பி.இ. என்கிற அடர்த்தியான பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் பெரும்பாலான இடங்களில் நன்றாக உழைக்கும், ஏனென்றால் மண்ணுக்குள் இணைப்பே இல்லாமல் ஒரே நீளமாகப் போட்டுவிடலாம். ஆனால் பெட்ரோலோ கரைப்பான்களோ ஊறிய மண்ணில் அது கூடாது. அவை பிளாஸ்டிக்கின் சுவரையே ஊடுருவி நீரில் கலந்துவிடும். கழிவுநீர்க் குழாயிலிருந்து ஒன்றரை மீட்டராவது விலக்கிப் போடுங்கள். இடமில்லையென்றால் அதே பள்ளத்தின் ஓரத்தில் கலைக்கப்படாத மண்ணைத் திட்டாக விட்டு, கழிவுநீர்க் குழாயைவிட முப்பது சென்டிமீட்டர் உயரத்தில் குடிநீர்க் குழாயை வையுங்கள். அடியில் பத்து சென்டிமீட்டர் மணல், மேலேயும் மணல், அதற்குப் பிறகுதான் தோண்டிய மண். உடைந்த செங்கல்லையும் கான்கிரீட் துண்டுகளையும் உள்ளே தள்ளிக் குழியை மூடுவது, அடுத்த கசிவை இன்றே புதைத்து வைப்பதாகும்.

மூடுவதற்கு முன் செய்ய வேண்டிய இரண்டு வேலைகளைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள். முதலாவது அழுத்தச் சோதனை. இணைப்புகள் எல்லாம் கண்ணில் படும்படி திறந்திருக்கும்போதே, வழக்கமான அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றிக் காத்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாய் சற்று விரிந்து கொடுப்பதால் முதலில் அழுத்தமானியின் முள் கொஞ்சம் இறங்கும். மீண்டும் ஏற்றிவிட்டு ஒரு மணி நேரம் பாருங்கள்; அப்போதும் முள் இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது.

இரண்டாவது கிருமிநீக்கம். சேற்றுக் குழியில் கிடந்த குழாயின் உட்புறம் சுத்தமாக இருக்காது. லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் இருக்குமாறு நிரப்பி 24 மணி நேரம் விட்டு, பிறகு வாடை போகும் வரை கழுவிவிட வேண்டும். இதற்காக ஒரு பாட்டிலைக் கவிழ்க்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். 20 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய் பதினைந்து மீட்டர் நீளம் இருந்தாலும் அதற்குள் ஐந்து லிட்டர் நீர்கூடப் பிடிக்காது. வாசனை சேர்க்காத, 5 சதவீதக் குளோரின் உள்ள திரவம் ஒரு தேக்கரண்டி போதும். கடைசி இணைப்பைப் பூட்டுவதற்கு முன் அதைக் குழாய்க்குள் ஊற்றி, மெல்ல நீர் நிரப்பி, வீட்டின் முதல் குழாயில் குளோரின் வாடை வந்ததும் அதையும் மெயின் பக்கத்து வால்வையும் மூடிவிடுங்கள். அந்த ஒரு நாளைக்கு வீட்டில் யாரும் அந்த நீரைத் தொடக் கூடாது. கழுவிவிடும்போது குழாய் முனைகளில் இருக்கிற வலைச் சல்லடைகளைக் கழற்றிவிட்டுத் திறந்துவிடுங்கள்; துருத் தூளும் மணலும் அங்கேதான் போய்ச் சேரும்.

குழி மூடப்படுவதற்கு முன், அளவு நாடாவைக் குழாயின் மேல் நீட்டிவைத்து, சுவரிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு ஆழம் என்று தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். வால்வுப் பெட்டியின் மூடி தரைக்குச் சமமாகத் தெரியட்டும். அதன் மேல் ஓடு பதிக்காதீர்கள், சிமென்ட் பூசாதீர்கள். அந்த நான்காவது வீட்டில் வால்வைத் தேடி நாங்கள் ஆறு ஓடுகளை உடைக்க வேண்டியிருந்தது, அவ்வளவு நேரமும் குழிக்குள் நீர் நிரம்பிக்கொண்டே இருந்தது.