சார்ட்டர்டு மதிப்பீட்டில் ‘நான்’ எங்கே?

மனிதவளத் துறையில் பத்துப் பதினைந்து வருடம் வேலை பார்த்தவர்கள், அத்துறையினருக்கான பிரிட்டன் தொழில்முறை அமைப்பான சிஐபிடியின் சார்ட்டர்டு மதிப்பீட்டில் தடுமாறினால், அதற்கு அனுபவக் குறைவு காரணமாக இருப்பது அரிது. வேலை நிறையச் செய்திருப்பார்கள். அதில் தன் பங்கு எது என்று பிரித்துச் சொல்லத்தான் வராது. தமிழ் பேசி வளர்ந்தவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. “செஞ்சோம்”, “முடிவு எடுத்தோம்”, “பேசி முடிச்சாச்சு” என்றே பழகிவிட்டோம். ‘நான்’ என்று தொடங்கினால் தற்பெருமையாகத் தோன்றும் என்ற கூச்சம் நமக்கு உண்டு. ஆங்கிலத்தில் பேசும்போதும் அது கூடவே வந்துவிடும். கேட்பவருக்கு உங்கள் குழு தெரியும், நீங்கள் தெரிய மாட்டீர்கள். மதிப்பெண்ணோ உங்களுக்குத்தான், குழுவுக்கு அல்ல.

1913இல் இங்கிலாந்தின் யார்க் நகரில், ஆலைத் தொழிலாளர் நலனைக் கவனித்துவந்தவர்கள் தொடங்கிய சங்கத்தின் இன்றைய வடிவம்தான் சிஐபிடி. 2000இல் அரச சாசனம் கிடைத்தது. ‘சார்ட்டர்டு’ என்ற அடைமொழி அதிலிருந்து வருகிறது. சார்ட்டர்டு மெம்பர், அதற்கு மேல் சார்ட்டர்டு ஃபெல்லோ என்று இரண்டு நிலைகள். இவற்றுக்குப் படிப்பு மட்டும் போதாது. அனுபவத்தைக் காட்ட வேண்டும், அதுவும் நிறுவனம் 2018இல் வெளியிட்ட தொழில் வரைபடத்தின் அளவுகோலில் காட்ட வேண்டும். அந்த வரைபடத்தில் ஆறு அடிப்படை அறிவுப் பகுதிகளும், எட்டு அடிப்படை நடத்தைகளும், ஒன்பது சிறப்புத் துறைகளும் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைகளில் என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்று எழுதியிருக்கிறார்கள்.

பெரும்பாலோர் அறிவுப் பகுதியைப் படித்து நேரத்தைச் செலவழிக்கிறார்கள். சட்டப் பிரிவுகளை ஒப்பிக்கச் சொல்லும் தேர்வு அல்ல இது. நடத்தைகளில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அந்த எட்டும் இவை: நெறி தவறாத நடைமுறை, துணிச்சலோடு பேசிப் பிறரை இணங்க வைத்தல், மனிதரை மதித்தல், எவரையும் ஒதுக்காமல் வேலை செய்தல், கற்பதில் ஆர்வம், தரவிலிருந்து பொருள் காணுதல், சூழலறிந்து முடிவெடுத்தல், வணிக நோக்கு.

தயாரிப்பை ஒரு எக்ஸெல் தாளில் தொடங்குங்கள். கடந்த மூன்று வருடத்தில் செய்த வேலைகளில் ஆறைத் தேர்ந்தெடுத்து இடப்பக்கம் எழுதுங்கள். மேலே எட்டு நடத்தைகள். மொத்தம் 48 கட்டங்கள். ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டுமானால் அந்த வேலையில் அந்த நடத்தை வெளிப்பட்ட ஒரு குறிப்பிட்ட கணத்தைச் சொல்ல முடிய வேண்டும்: எந்தக் கூட்டம், யார் மறுத்தார், நீங்கள் என்ன சொன்னீர்கள். அப்படிச் சொல்ல முடியாவிட்டால் கட்டத்தைக் காலியாக விடுங்கள். முடிவில் ஒவ்வொரு நடத்தைக்கும் குறைந்தது இரண்டு கட்டமாவது நிரம்பியிருக்க வேண்டும். ஒன்று எடுபடாமல் போனாலும் இன்னொன்று கையில் இருக்கும். மனிதரை மதித்தல் என்ற நெடுவரிசை எளிதில் நிரம்பிவிடும். வணிக நோக்கும் நெறியும் பலருக்கும் காலியாகக் கிடக்கும். அந்தக் காலியிடங்களைப் பார்த்த பிறகு, எழுதும் முன் இன்னும் ஆறு மாதம் காத்திருந்து, அந்த மாதிரியான வேலையைக் கேட்டு வாங்கிச் செய்வது தவறே இல்லை.

தேர்ந்தெடுத்த வேலையை எப்படி எழுதுவது என்பதில்தான் முழு வித்தியாசமும் இருக்கிறது. வழக்கமாக வரும் வாக்கியம் இது: “கிடங்கில் ஆட்கள் அதிகமாக வேலையை விட்டதால் புதிய அறிமுகப் பயிற்சித் திட்டம் கொண்டுவந்தோம், விலகல் குறைந்தது.” இதில் மதிப்பிட எதுவும் இல்லை. எவ்வளவு அதிகம்? பயிற்சிதான் மருந்து என்று யார் முடிவு செய்தது, எதை வைத்து?

அதையே கற்பனை எண்களோடு திருப்பி எழுதிப் பார்ப்போம். சராசரியாக 400 பேர் வேலை செய்யும் கிடங்கில் ஒரு வருடத்தில் 140 பேர் விலகினார்கள். விலகல் வீதம் 35 சதவீதம். அதில் 61 பேர் சேர்ந்து 90 நாட்களுக்குள் போனவர்கள். பயிற்சி போதவில்லை என்பது மேலாளரின் எண்ணம். நான் விலகியவர்களை ஷிப்ட் வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். இரவு ஷிப்டில்தான் குவிந்திருந்தார்கள். அங்கே ரோஸ்டர் (யாருக்கு எப்போது வேலை என்ற அட்டவணை) இரண்டு நாள் முன்னால்தான் ஒட்டப்பட்டது; குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்ய முடியவில்லை என்று வெளியேறும் நேர்காணல்களில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். 14 நாள் முன்னறிவிப்பு தரலாம் என்றேன். ஆர்டர் அளவு அவ்வளவு முன்னால் தெரியாது என்று மேலாளர் மறுத்தார். ஒரு ஆளை மாற்ற ஆகும் செலவு 3,000 பவுண்டு என்று நிதித் துறையோடு கணக்கிட்டு, 61 பேருக்கு 1,83,000 பவுண்டு என்று அவர் முன் வைத்தேன். ஒரே ஒரு குழுவில் மூன்று மாதம் சோதிக்கச் சம்மதித்தார். அந்தக் குழுவில் விலகல் குறைந்தது, மற்றக் குழுவில் குறையவில்லை. அதன் பிறகே எல்லாருக்கும் விரித்தோம்.

இப்போது முடிவும் தெரிகிறது, முடிவெடுத்தவரும் தெரிகிறார். ஒப்பிட இன்னொரு குழு இருந்ததைச் சொன்னது முக்கியம். “அதே சமயம் ஊரில் வேறு வேலை கிடைக்காமல் போயிருந்தால்?” என்ற கேள்வி கட்டாயம் வரும். அதற்கான பதிலை முன்பே யோசித்திருக்க வேண்டும். பலன் முழுவதும் என்னால்தான் என்று உரிமை கொண்டாடுவதைவிட, எந்த அளவு உறுதியாகச் சொல்லலாம் என்று அளந்து சொல்வதே நம்பிக்கை தரும். எண்களை அனுப்புமுன் நிதித் துறையில் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துவிடுங்கள். சராசரி ஆள் எண்ணிக்கைக்குப் பதிலாக வருடக் கடைசி எண்ணிக்கையால் வகுத்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

நெறி பற்றிய கட்டம் ஏன் காலியாகிறது? ஊழல், திருட்டு மாதிரிப் பெரிய சம்பவம் தேடுவதால். அன்றாட வேலையிலேயே அது இருக்கிறது. பிரிட்டன் சட்டப்படி, ஒரே பணியிடத்தில் 90 நாட்களுக்குள் 20 அல்லது அதற்கு மேற்பட்டவர்களை ஆட்குறைப்பு செய்ய முன்மொழிந்தால், முதல் பணிநீக்கம் நடைமுறைக்கு வர 30 நாள் முன்பாவது ஊழியர் பிரதிநிதிகளோடு கூட்டு ஆலோசனை தொடங்க வேண்டும்; 100 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் என்றால் 45 நாள். 24 பேரைக் குறைக்க நினைக்கும் மேலாளர், “பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்துவிடலாமா?” என்று கேட்பார். திட்டம் ஆரம்பத்திலேயே 24 பேருக்கு என்றால் பிரித்துக் காட்டுவதால் கடமை போய்விடாது என்று அந்த அறையில் சொல்வது நெறி. சொல்லி, 30 நாளுக்கான செலவையும் மாற்று வேலை வாய்ப்புகளையும் ஒரே தாளில் வைத்து அவரைச் சம்மதிக்க வைப்பது துணிச்சலும் செல்வாக்கும். “சட்டத்தைப் பின்பற்றினோம்” என்று ஒரே வரியில் முடித்தால் இரண்டு கட்டமும் போய்விடும்.

எந்த நிலைக்கு விண்ணப்பிப்பது என்பதைப் பதவிப் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். இயக்குநர் என்ற அட்டை இருந்தும், எடுத்துக்காட்டுகள் எல்லாம் ஒரு துறைக்குள், ஓராண்டுக்குள் முடிபவையாக இருந்தால் ஃபெல்லோ நிலைக்கு அவை போதாது. அங்கே எதிர்பார்ப்பது நிறுவனம் முழுவதற்கும், அதற்கு வெளியே தொழிலுக்கும் நீண்ட காலம் நிற்கும் பலன். இரண்டு நிலைகளின் விளக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உங்கள் ஆறு வேலைகளும் எதில் பொருந்துகின்றன என்று வரி வரியாகப் பாருங்கள். வழிகாட்டி ஆவணங்கள் அவ்வப்போது மாறும். நண்பர் அனுப்பிய பழைய பிடிஎஃப் வேண்டாம், விண்ணப்பிக்கும் வாரத்தில் நீங்களே இறக்கிய பதிப்பை வைத்து வேலை செய்யுங்கள்.

ஊழியர் பெயர், அவருடைய நோய், ஒழுங்கு நடவடிக்கை விவரம் எதுவும் எழுத்தில் வரக் கூடாது. ‘ஒரு மேற்பார்வையாளர்’ என்றால் போதும். ரகசியம் காக்கத் தெரியாதவர் நெறி பற்றி எழுதியதை யார் நம்புவார்?

மதிப்பீட்டாளரோடு நடக்கும் நேரடி உரையாடலுக்கு, ஒவ்வொரு வேலையையும் மூன்று நிமிடத்தில் சொல்லிப் பழகுங்கள். சூழலுக்கு முப்பது வினாடி. நம்மவர்கள் நிறுவன வரலாற்றிலேயே இரண்டு நிமிடத்தைக் கரைத்துவிடுவார்கள். போனில் பதிவு செய்து கேளுங்கள். ‘வீ’ (நாங்கள்) என்று எத்தனை முறை சொன்னீர்கள், ‘ஐ’ (நான்) என்று எத்தனை முறை என்று கோடு போட்டு எண்ணுங்கள். குழு செய்ததைக் குழு செய்தது என்றே சொல்லுங்கள், பொய் வேண்டாம். ஆனால் பரிந்துரைத்தது, மறுத்தது, கணக்குப் போட்டது, பொறுப்பேற்றது ஆகிய நான்கு இடங்களில் ‘ஐ’ வரவேண்டும். மனிதவளத்துக்கு வெளியே வேலை பார்க்கும் ஒருவரை எதிரே உட்காரவைத்து, “ஏன்?” என்று மட்டும் தொடர்ந்து மூன்று முறை கேட்கச் சொல்லுங்கள். மூன்றாவது ஏனுக்குப் பதில் இல்லாத எடுத்துக்காட்டைக் கழற்றிவிட்டு வேறொன்றை எடுங்கள்.

அன்றைக்கு மேசையில் ஒரே ஒரு தாள் போதும். அதில் முழு வாக்கியங்கள் இருந்தால் கண் அங்கேயே போகும், குரல் வாசிப்பாக மாறிவிடும். ஆறு வேலைகளின் பெயர், ஒவ்வொன்றுக்கும் தொடக்க எண், முடிவு எண், மறுத்தவரின் பொறுப்பு, திரும்பச் செய்தால் நீங்கள் மாற்றக்கூடிய ஒரு விஷயம். இவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.